பத்மாவின் இடது காது

மஸ்கட்
5.6.1987

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

சாராள் எழுதுவது. நான் இங்கே சுகம். நீயும் அத்தானும் என் பெனியும் அங்கே சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன தடவை கொடுத்தனுப்பிய தைலம் கேட்டதா?

எனக்கு வார்டு மாற்றிவிட்டார்கள். இரண்டு வருஷம் பிரசவ வார்டில் நின்றேன். இந்த மாதம் முதல் காது மூக்கு தொண்டைப் பிரிவு. டாக்டர் மலையாளி, நல்ல மனுஷர். பிரசவ வார்டின் கூச்சலுக்குப் பிறகு இந்த இடம் கோயில் மாதிரி அமைதியாக இருக்கிறது.

பெனி எழுதியிருந்தாள், ஏழாம் வகுப்புக்கு அவள் பெரியம்மாவே வகுப்பு டீச்சராம், கணக்கும் நீதானாம். படித்ததும் சந்தோஷம். அப்புறம் கொஞ்சம் பயம். தப்பாக எடுத்துக்கொள்ளாதே அக்கா, உன் கை எனக்குத் தெரியும். எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த கை அது. பெனி தப்புச் செய்தால் திட்டு, ஒரு நாள் பேசாமல் இரு. அவள் மேல் கை மட்டும் வைக்காதே. அவளுடைய அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. பக்கத்தில் இருக்க எனக்கும் கொடுத்துவைக்கவில்லை. மற்றப் பிள்ளைகளை நீ என்ன செய்தாலும் அது உன் உத்தியோகம், நான் கேட்கமாட்டேன். இவளை மட்டும் விட்டுவிடு.

அத்தானுக்கு என் ஸ்தோத்திரம் சொல்லு. பதில் போடு.

உன் தங்கை,
சாராள்


பட்டாபிராம்
21.6.1987

பிரியமுள்ள தங்கை சாராளுக்கு,

அக்கா ஞானகுமாரியின் ஸ்தோத்திரம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. எல்லாரும் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு மருந்து உட்கார்ந்திருப்பது, அது என் வேலையில் நடக்காது. உன் அத்தானுக்கு அம்பத்தூரில் இந்த மாதம் காலை ஷிப்ட், ஐந்தே முக்கால் ரயிலைப் பிடிக்கிறார். மழை இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு கிணற்றிலும் தண்ணீர் கிடையாது. லாரி வருகிற அன்றைக்குத்தான் குளியல்.

நீ எழுதியதைப் படித்துக் கோபப்படவில்லை, சிரிப்புதான் வந்தது. உனக்கு ஏழாம் வாய்ப்பாடு இன்னும் மறக்காமல் இருப்பது யாரால்? ஆனாலும் வாக்குக் கொடுக்கிறேன். எனக்குப் பிள்ளை இல்லாத குறையை உன் பிள்ளை தீர்த்துவைக்கிறாள். அவள் மேல் என் கை படாது.

மற்றபடி, சாரா, என் வகுப்பில் ஐம்பத்தாறு பேர். ஐம்பத்தாறும் வாய் மூடி உட்காருவது என் அழகைப் பார்த்து இல்லை. பக்கத்து வகுப்புக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், பிள்ளைகளைக் 'கண்ணு' என்று கூப்பிடுகிறாள். அவள் வகுப்புச் சத்தம் ரயில்வே கேட் வரை கேட்கிறது. "ஏழாவது பி-யை ஞானகுமாரி டீச்சர்கிட்ட விட்டா, நான் அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை" என்கிறார் ஹெச்.எம். குணசேகரன் சார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில், ஏன் அடித்தாய் என்று ஒருத்தர் வந்து கேட்டதில்லை.

பெனி இரண்டாவது பெஞ்சில் உட்காருகிறாள். பக்கத்தில் பத்மா என்று ஒரு பெண். சைடிங்கில் கூட்ஸ் வண்டிக்கு லோடு ஏற்றி இறக்குகிற வேம்புலியின் மகள். கணக்கில் கெட்டி. இரண்டும் ஒட்டிக்கொண்டு திரிகின்றன.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் அலையாதே.

உன் அக்கா,
ஞானகுமாரி


பட்டாபிராம்
2.8.1987

பிரியமுள்ள சாராளுக்கு,

அக்கா எழுதுவது. எல்லாரும் நலம். நீ நலமா?

பள்ளியில் மாதத் தேர்வு முடிந்து விடைத்தாள் குவிந்து கிடக்கிறது. அதனால் அதிகம் எழுத முடியவில்லை. பெனி நன்றாகத்தான் இருக்கிறாள். கொஞ்சம் பேச்சுக் குறைந்திருக்கிறது, வயது அப்படி.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளை, பன்னிரண்டு வயது. இரண்டு வாரமாக அதற்கு இடது காதில் வலி. உள்ளே இரைச்சல் கேட்கிறதாம். முதல் நாள் ஒரு பொட்டு ரத்தம் வந்ததாம், இப்போது மஞ்சளாகத் தண்ணீர் வருகிறது. அந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. வீட்டில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிறார்கள். நீ அந்தப் பிரிவில்தானே இருக்கிறாய், ஏதாவது சொட்டு மருந்து பெயர் எழுது. தானாக ஆறிவிடுமா என்றும் எழுது. சீக்கிரம் எழுது.

அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொன்னார்.

அன்புடன்,
ஞானகுமாரி


மஸ்கட்
20.8.1987

அன்புள்ள அக்காவுக்கு,

சாராளின் ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுதுகிறேன், ஆனால் இது வந்து சேர எத்தனை நாள் ஆகுமோ.

முதலில் அந்த எண்ணெயை நிறுத்தச் சொல்லு. எண்ணெயோ தண்ணீரோ ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது. சொட்டு மருந்து பெயரை நான் எழுதமாட்டேன், பார்க்காமல் கொடுக்கக் கூடாது. சென்ட்ரல் எதிரே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லு. எங்கள் டாக்டரிடமும் கேட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, யாராவது அறைந்தார்களா என்பதுதான்.

அக்கா, இடது காது, ஒரு பொட்டு ரத்தம், இரைச்சல். எதிரே நின்று வலது கையால் விரித்து அறைந்தால் இப்படித்தான் ஆகும். காற்று அடைபட்டு உள்ளே ஜவ்வு கிழிந்துவிடும். இங்கே மாதத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். கூட வருகிற ஆட்களைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், அவர்கள் பிள்ளையைப் பார்க்கமாட்டார்கள், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பிள்ளையை அடித்தது அப்பாவா, அம்மாவா? யாராக இருந்தாலும், அந்தக் கையை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது என்று நான் சொன்னதாகச் சொல்லு. சின்ன ஓட்டை என்றால் இரண்டு மாதத்தில் தானாக மூடும். சீழ் பிடித்துவிட்டால் மூடாது.

பெனியின் கடிதம் இப்போதெல்லாம் நாலே வரிதான். வயது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேசிப் பார்.

சாராள்


பட்டாபிராம்
13.9.1987

அன்புள்ள தங்கைக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போன ஞாயிறு கோயிலில் அறுப்பின் பண்டிகை. மழை இல்லாத வருஷம், ஆனாலும் பூசணிக்காய் குவிந்துவிட்டது. ஏலத்தில் உன் அத்தான் ஒரு சேவலை எடுத்துவந்து, இப்போது அது எங்களை எழுப்பிக்கொண்டிருக்கிறது. ஆவடி மார்க்கெட்டில் பெனிக்கு ஒரு பாவாடைத் துணி எடுத்தேன், ஊதா. பிடித்திருக்கிறது என்றாள்.

நீ கேட்ட பிள்ளைக்குப் பரவாயில்லை என்கிறார்கள். கிணற்றில் குளித்தபோது தண்ணீர் புகுந்துவிட்டதாக அதுவே வீட்டில் சொன்னதாம்.

வேறு விசேஷம் இல்லை. ஒரு நாள் பத்மாவின் அப்பா வேம்புலி பள்ளிக்கு வந்து நாவல்பழம் ஒரு பை கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நானும் சாப்பிடவில்லை, பெனியும் சாப்பிடவில்லை. அழுகிப்போய்க் கொட்டினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பட்டாபிராம்
11.10.1987

அன்புள்ள அம்மாவுக்கு,

பெனினாள் எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமா? இந்தக் கடிதம் எழுதுவது பெரியம்மாவுக்குத் தெரியாது. பதில் எழுதும்போது இதைப் பற்றி எழுதாதீர்கள்.

ஜூலை மாதம் கணக்கு பீரியடில் ஒரு ஆடு ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, சுவரில் மாட்டியிருந்த இந்தியா மேப்பைத் தின்றது. கேரளாவை முழுக்கத் தின்றுவிட்டது. டீச்சர் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பத்மா வாயைப் பொத்திக்கொண்டாள். என்னால் அடக்க முடியவில்லை, சத்தமாகச் சிரித்துவிட்டேன். டீச்சர் திரும்பி வந்தார்கள். நான் எழுந்து நிற்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் பத்மாவை அறைந்துவிட்டார்கள். அவள் பெஞ்சில் சாய்ந்து விழுந்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் எல்லாரும் கணக்குப் போட்டோம்.

அன்றிலிருந்து அவளுக்கு இடது காது கேட்பதில்லை. வீட்டில் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லியிருக்கிறாள். போன வாரம் தண்ணீர்க் குழாயடியில் நான் அவளிடம் சொன்னேன், "நான்தாண்டி சிரிச்சேன்" என்று.

"தெரியும்" என்றாள்.

"அப்ப ஏன் டீச்சர்கிட்ட சொல்லலை?"

"சொன்னா மட்டும் உன்னிய அடிப்பாங்களா?" என்று கேட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது அவள் முதல் பெஞ்சில் உட்காருகிறாள். நான் அதே இடத்தில் இருக்கிறேன்.

அம்மா, நீங்கள் ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறீர்கள். அவளுக்குச் சரியாகுமா?

உங்கள் மகள்,
பெனினாள்


பட்டாபிராம்
29.11.1987

பிரியமுள்ள சாராளுக்கு,

அக்கா எழுதுவது. ஆகஸ்டுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. முதலில் தபால் தாமதம் என்று நினைத்தேன். பிறகு உடம்புக்கு ஏதாவதோ என்று பயந்தேன். இன்று ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்துத் தெருப் பிள்ளை என்று யாரும் இல்லை. பத்மாதான். அறைந்தது நான்.

ஜூலை பதினாறு, வியாழக்கிழமை. வகுப்பில் யாரோ சிரித்தார்கள். போர்டை விட்டு வந்து அறைந்தேன். எத்தனையோ தடவை செய்ததுதான். அவள் காதைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன். "எழுந்திரு" என்றேன். எழுந்து நின்று மீதி பீரியட் முழுக்கக் கணக்குப் போட்டாள். விடையும் சரியாக இருந்தது.

ஆகஸ்டில் வேம்புலி பள்ளிக்கு வந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்றார். "பாப்பாவுக்கு எடது காது சரியா கேக்க மாட்டேங்குது டீச்சர். கெணத்துல குளிச்சிச்சாம், தண்ணி பூந்துகிச்சாம். மொத பெஞ்சுல குந்த வைங்க" என்றார். ஊரில் ஒரு கிணற்றிலும் தண்ணீர் இல்லாத ஆகஸ்டு மாதம், சாரா. அது அவருக்கும் தெரியும். மகள் சொன்னால் நம்புகிற மனுஷர். போகும்போது பழத்தைக் கையில் கொடுத்து, "படிக்கலன்னா ரெண்டு போடுங்க டீச்சர், நா ஒண்ணியும் கேக்க மாட்டேன்" என்றார். நான் சரி என்றேன். சரி என்று சொன்னேன்.

குணசேகரன் சாரிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "பொண்ணே தண்ணின்னு சொல்லுது. அப்பன் நம்பிட்டான். நீங்க ஏன் டீச்சர் எழுப்பிவிடறீங்க? எதையும் எழுத்துல வைக்காதீங்க" என்றார். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நீ அருவருப்பு என்று எழுதிய கை இதுதான். என்ன செய்யட்டும் என்று எழுது. திட்டியாவது எழுது.

ஞானகுமாரி


மஸ்கட்
8.1.1988

அக்காவுக்கு,

சாராள் எழுதுவது. சுகம். முதலமைச்சர் இறந்து, கிறிஸ்துமஸுக்கு அங்கே பஸ், ரயில் எதுவும் ஓடவில்லை என்று இங்கே பேப்பரில் பார்த்தோம். உங்கள் மூன்று பேருக்கும் ஒன்றும் இல்லையே?

நீ எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். பெனி அக்டோபரில் எழுதிவிட்டாள். அவளைக் கேட்காதே, கோபித்துக்கொள்ளாதே. கடிதத்தைப் படித்த அன்று, உன்னைக் கிழித்து எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். நாலு தாள் எழுதினேன். அப்புறம் ஜூனில் உனக்கு நான் என்ன எழுதினேன் என்று ஞாபகம் வந்தது. மற்றப் பிள்ளைகளை என்ன செய்தாலும் கேட்கமாட்டேன், இவளை மட்டும் விட்டுவிடு. இந்தக் கையால்தான் எழுதினேன். நாலு தாளையும் கிழித்துப் போட்டேன். அதன் பிறகு உனக்கு எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால்தான் இத்தனை மாதம்.

ஆனால் அக்கா, இப்போதும் நீ எல்லாவற்றையும் எழுதவில்லை. 'யாரோ சிரித்தார்கள்' என்று எழுதியிருக்கிறாய். பெனி பிறந்ததிலிருந்து நீ கேட்கிற சிரிப்பு அது. உனக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. எனக்குச் சொல்ல வேண்டாம், யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் போய்ச் சொல்லு.

ஆறு மாதமாகச் சீழ் இருந்தால் ஓட்டை இனித் தானாக மூடாது. ஆனால் அடைக்கலாம். தசையின் மேலிருந்து மெல்லிசாக ஒரு சவ்வு எடுத்து ஒட்டுவார்கள். பெரியாஸ்பத்திரியில் செய்கிறார்கள் என்று டாக்டர் சொல்கிறார். தாமதிக்கத் தாமதிக்க உள்ளே எலும்பு கெட்டுப்போகும். இன்னும் தள்ளாதே.

சாராள்


பட்டாபிராம்
14.2.1988

தங்கை சாராளுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். நேற்று சனிக்கிழமை மாலை சைடிங் பக்கம் வேம்புலி வீட்டுக்குப் போனேன். உன் அத்தான் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

பத்மாவின் அம்மா என்னைப் பார்த்ததும் பதறி, இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பத்மா மூலையில் போய் நின்றுகொண்டாள். வேம்புலி அப்போதுதான் வேலை முடிந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். "இன்னா டீச்சர், பாப்பா எதுனா தப்பு பண்ணிச்சா?" என்றார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. "தண்ணின்னு சொல்லிச்சே" என்று மகளைப் பார்த்தார். "ஏன் கண்ணு எங்கிட்ட சொல்லல?"

"டீச்சர் அடிச்சாங்கன்னா, நீ இன்னாடி தப்பு பண்ணேன்னு நீயும் அடிப்ப" என்றாள்.

அவர் திண்டாடிப்போய்விட்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். பிறகு என்னிடம், "அது சிரிச்சுதா டீச்சர்?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்ப சிரிச்சது யாரு?"

சாரா, அந்த ஆடு மேப்பைத் தின்றதை நான் பார்க்கவில்லை. ஆனால் சிரிப்பைக் கேட்டேன். மூக்கிலிருந்து கிளம்பி வருகிற சிரிப்பு, நீயும் அப்படித்தான் சிரிப்பாய். போர்டிலிருந்து இரண்டாவது பெஞ்சுக்கு ஆறேழு எட்டு வைக்க வேண்டும். முதல் எட்டு வைத்தபோதே யார் என்று எனக்குத் தெரியும். கை ஓங்கியாகிவிட்டது, வகுப்பு முழுக்கப் பார்க்கிறது. ஓங்கிய கையை எங்கேயாவது இறக்க வேண்டும். யாருடைய அப்பா வந்து கேட்கமாட்டாரோ, அந்தப் பிள்ளை மேல் இறக்கினேன். இதை நான் எனக்கே இத்தனை நாள் சொல்லிக்கொண்டதில்லை.

"என் தங்கச்சி பொண்ணு" என்றேன்.

"அதை அடிச்சீங்களா?"

"இல்லை."

வேம்புலி துண்டை மடித்துத் தோளில் போட்டார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஊட்டுக்குப் போங்க டீச்சர், இருட்டப் போவுது" என்றார். நான் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "எம் பொண்ண நான் பாத்துக்கறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

இதையும் எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒருத்தி பேசினாள், என் கை தானாக எழுந்தது. பாதியில் நிறுத்திப் புடவைத் தலைப்பைச் சரி செய்கிற மாதிரி செய்தேன். ஐம்பத்தாறு பேரும் அதைப் பார்த்தார்கள்.

நான் போய்ச் சொன்னதைப் பெனியிடம் சொன்னேன். அழுதாள். பல மாதத்துக்குப் பிறகு நேற்று ராத்திரிதான் என் பக்கத்தில் வந்து படுத்தாள்.

ஞானகுமாரி


மஸ்கட்
5.3.1988

மரியாதைக்குரிய வேம்புலி அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். என் பெயர் சாராள், ஞானகுமாரி டீச்சரின் தங்கை. இங்கே மஸ்கட்டில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை செய்கிறேன். இந்தக் கடிதத்தைப் பத்மா உங்களுக்குப் படித்துக் காட்டட்டும்.

அன்றைக்குச் சிரித்தது என் மகள். என் மகளை அடிக்கக் கூடாது என்று டீச்சருக்கு எழுதியது நான். உங்கள் மகளைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை. என் பிள்ளைக்குக் கேட்டதை எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். அதற்கு நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று இல்லை.

ஆனால் காது காத்திருக்காது அண்ணா. நான் தினமும் பார்க்கிற வியாதி இது. இப்போது பார்த்தால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். இன்னும் ஒரு வருஷம் விட்டால் கிடைக்காது. எங்கள் டாக்டர் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார், இதோடு வைத்திருக்கிறேன். பெரியாஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். டீச்சரோடு போக உங்களுக்கு இஷ்டம் இல்லை என்றால் நீங்கள் மட்டும் போங்கள். போனால் போதும்.

பத்மா, இதைப் படிக்கிற உனக்கும். நீ கணக்கில் கெட்டி என்று டீச்சர் எழுதியிருக்கிறார்கள். காதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
சாராள்


பட்டாபிராம்
24.4.1988

பிரியமுள்ள தங்கை சாராளுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். பரீட்சை முடிந்து பள்ளி அடைத்துவிட்டது. பெனி கணக்கில் எழுபத்தொன்று. முதல் மார்க் பத்மா.

டாக்டர் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டை பெரிதுதான், ஆனால் எலும்பு கெடவில்லை. சீழை மருந்தால் நிறுத்திவிட்டு, ஜூலையில் ஆபரேஷன் செய்கிறார்கள். முழுவதும் திரும்பாது, முக்கால்வாசி வரும் என்கிறார்கள். ஜூனிலிருந்து பத்மா வேறு பள்ளிக்குப் போகிறாள். வேம்புலி அதை என்னிடம் தகவல் போலச் சொன்னார். நான் சரி என்றேன்.

நீ வேம்புலிக்கு எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்து பத்து நாள் கழித்து, அவர் பள்ளி கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "திங்கக்கெழம பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். அங்க இங்கிலீசுல எதுனா கேட்டா எனக்குத் தெரியாது. நீங்க வாங்க" என்றார். நான்கு பேரும் ஒரே ரயிலில் போனோம். நான் எதிர் சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி வில்லிவாக்கம் வந்தது. அங்கே பத்மாவின் அம்மா ஒரு கொய்யாவை நாலாகக் கீறி எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர். சீட்டை வைத்துக்கொண்டு, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"தண்ணி பூந்துடுச்சு சார்" என்றார் வேம்புலி.

நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். ரயிலில் வரும்போதே அப்படிச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும் என்று சைடிங்கில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

"இல்லை டாக்டர், நான் அறைந்தேன். நான் இவளுடைய டீச்சர்" என்றேன்.

டாக்டர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பேனாவைத் திறந்து எழுதினார். என் பெயரைக் கேட்டார், சொன்னேன். பள்ளிக்கூடத்தின் பெயரைக் கேட்டார், சொன்னேன். திரும்பி வந்ததும் குணசேகரன் சாரிடம் இதைச் சொல்லி, நானே கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அது நிர்வாகத்துக்குப் போகிறது. என்ன வருகிறதோ வரட்டும்.

அப்புறம் டாக்டர் இரண்டு முள் வைத்த இரும்பு ஒன்றை மேஜையில் தட்டி, பத்மாவின் இடது காதருகே பிடித்தார். "கேக்குதாம்மா?" என்றார்.

இத்தனை மாதமும் நான் எப்போது கேட்டாலும், "கேக்குது டீச்சர்" என்றுதான் அவள் சொல்லியிருக்கிறாள். இப்போதும் பதில் சொல்வதற்கு முன் என் முகத்தைப் பார்த்தாள். எதைச் சொன்னால் அடி விழாது என்று தேடுகிற பார்வை, சாரா. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு வகுப்பிலும் அந்தப் பார்வையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் வெளியே நிற்கிறேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். டாக்டர் மறுபடி தட்டுகிற சத்தம் கேட்டது.

"இப்ப சொல்லு, கேக்குதா?"

"இல்ல சார்" என்றாள் பத்மா. நன்றாகச் சத்தமாகத்தான் சொன்னாள். "ஒண்ணுமே கேக்கல."

உடம்பைப் பார்த்துக்கொள். பெனி தனியாக எழுதுகிறாள்.

அக்கா,
ஞானகுமாரி